தாம்பூலப் பையில் போன கொடி

"காஞ்சு போச்சுங்களா? ரொம்பச் சந்தோசமுங்க!"

தான் ஆசை ஆசையாகக் கொடுத்த செடி பட்டுப்போயிற்று என்று கேட்டு இப்படி வாயெல்லாம் பல்லாக நிற்கும் மனிதரை வெண்ணந்தூர் வட்டாரம் இதற்கு முன் கண்டதில்லை. குமரகுருவுக்கு வாய்ச்சொல் மட்டும் போதாது. பட்டுப்போன இடத்தைக் காட்டச் சொல்வார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை இரண்டு விரலால் கிள்ளித் தேய்த்து, எங்காவது ஒரு கணு உயிரோடு கிடக்கிறதா என்று துழாவுவார். இல்லை என்று உறுதியானதும் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அந்த வீட்டுப் பெயரைக் கோடு போட்டு அடிப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக் காபி அவர் தொண்டையில் இறங்கும்.

செடி செழிப்பாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. முகம் சுண்டிவிடும். "எத்தன தூரம் ஓடியிருக்குதுங்க?" என்பார். அடுத்த கேள்வி இன்னும் மெலிந்த குரலில் வரும்: "வாய்க்கா பக்கமுங்களா?" அதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அந்த நிமிஷமே வாய்க்காலைப் பார்க்க எழுந்துவிடுவார். அன்றைக்கு மத்தியானச் சோறு கிடையாது.

மெலிந்த குரல் என்று சொன்னது அவர் கணக்குக்கு. நம் கணக்கில் அது கூப்பாடு. ஐம்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வருடத்தைத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்துளைக் கிணறு போட்டே கழித்தவர். கம்ப்ரசர் சத்தம் வலது காதை முழுசாகவும் இடது காதைப் பாதியாகவும் தின்றுவிட்டது. குழாய்க்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம் கத்திக் கத்திப் பேசிய தொண்டை, வீட்டுக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. மகள் தனப்பிரியாவுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது, யாரிடமும் மூச்சு விடாதே என்று ஒரு நாள் சமையலறையில் மனைவியின் காதோரம் குனிந்து சொன்னார். சாயங்காலமே எதிர்வீட்டுக்காரர்கள் பூவும் பழமுமாக வந்து நின்றார்கள். "இந்த மனுசனுக்கு ரகசியமுன்னு ஒண்ணு கெடையாதுங்க. மைக் செட்டுதான்" என்பாள் மனைவி தெய்வநாயகி.

ரிக் வண்டியில் போகிறவர்கள் ஊர் திரும்பும்போது போர்வை, பாத்திரம், முந்திரிப் பருப்பு என்று வாங்கி வருவார்கள். குமரகுரு ஈரச் சாக்கில் குச்சி கட்டிக்கொண்டு வருவார். தண்ணீர் வந்த வீட்டுக்காரர்கள் சந்தோஷத்தில் என்ன வேண்டும் என்று கேட்டால், "அந்தச் செடியில ஒரு கொப்பு ஒடிச்சுக்கட்டுங்களா?" என்பார். அவருடைய தோட்டத்தில் எந்தச் செடிக்கும் வெறும் பெயர் கிடையாது. "இது ராய்ச்சூர்ல நானூத்தம்பது அடியில தண்ணி எடுத்த ஊட்டுச் செம்பருத்தி. அந்த நந்தியாவட்டை எழுநூறு அடி போயும் தண்ணியில்லாமப் புகை மட்டும் வந்த ஊட்டுது. பாவம், அந்த வருத்தத்துலயும் குச்சி ஒடிச்சுக் குடுத்தாங்க" என்று வந்தவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வார். சாயங்காலம் ஆனால் அந்தச் செடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பதில் அவருக்கு அப்படியொரு நிறைவு.

அந்த வரிசையில் கடைசியாக வந்ததுதான் மஞ்சள் பூக்கொடி. பாலக்காட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் துளை போடும்போது பார்த்தார். தரை தெரியாமல் பச்சை விரித்து, அதன் மேல் ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூ. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டதாக நினைத்தார். மஞ்சள் கரிசலாங்கண்ணி! காமாலைக்கு மருந்து, கண்ணுக்குக் குளிர்ச்சி, தலைமுடிக்குத் தைலம். இத்தனை பெரிய மருந்தை இந்தத் தோப்புக்காரர்கள் மிதித்துக்கொண்டு நடக்கிறார்களே என்று பரிதாபப்பட்டு, ஒரு சாக்கு நிறைய அறுத்து வண்டியின் கூண்டுக்கு மேல் கட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு ஆவணிக்கு முன் தனப்பிரியாவின் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு மரக்கன்று வைத்துக் கொடுப்பது இப்போது நம் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறது. குமரகுரு ஒரு படி மேலே போனார். மரக்கன்று வைக்க எல்லோர் வீட்டிலும் இடம் உண்டா? மூலிகை என்றால் ஒரு சட்டியிலும் வளரும். கணவனும் மனைவியும் பத்து நாள் உட்கார்ந்து, கறுப்புக் கவரில் மண் நிரப்பி, முந்நூற்றைம்பது கன்று போட்டார்கள். கவர் ஒவ்வொன்றிலும் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி, மணமக்கள் அன்பளிப்பு' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் மெச்சிக்கொண்டு போயிற்று. மண்டப வாசலில் நின்று பை கொடுத்த குமரகுருவுக்கு அன்று இரண்டு அடி உயரம் கூடியிருந்தது.

போன புரட்டாசியில் அந்த உயரம் இறங்கியது. அவருக்கு வீட்டை ஒட்டி மூன்று ஏக்கர் காடு, வெள்ளாமை நிலம். தொட்டியோரம் வைத்த கொடி வாய்க்கால் வழியாக ஓடி, வரப்பேறி, அரை ஏக்கருக்கு விரித்திருந்தது. சின்ன வெங்காயம் போட வேண்டும். ஆள் விட்டுப் பிடுங்குவதற்குள் நாள் போய்விடும் என்று ரொட்டவேட்டரைக் கூப்பிட்டார். டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்திகள் எல்லாவற்றையும் நறுக்கி மண்ணோடு மண்ணாக்கிவிடும். "ஒரு ஓட்டு ஓட்டுனா தூளுங்க" என்றார் டிராக்டர்காரர். அவர் பொய் சொல்லவில்லை. தூள்தான் ஆயிற்று. அரை ஏக்கரில் இருந்த தூளை அந்தக் கத்திகளே மூன்று ஏக்கருக்கும் இழுத்துப் பரப்பிவிட்டன. நல்ல மழை ஒன்று பெய்தது. இருபதாம் நாள் குமரகுரு வரப்பில் போய் நின்றால் காடு முழுவதும் சின்னச் சின்ன இரட்டை இலை. வெங்காயம் போட ஒரு சாண் இடம் இல்லை.

"அட கெரகமே!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஜெயபிரகாஷ் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

வேளாண்மை அலுவலகத்தில் சரிதா என்ற அலுவலர், அவர் கொண்டுபோன கொடியை மேசை மேல் வைத்து, அருகில் தங்கள் தோட்டத்து நிஜமான மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் ஒடித்து வைத்தாள். பூ இரண்டிலும் மஞ்சள்தான். ஆனால் மருந்துச் செடியின் இலை நீளவாக்கில் ஒடுங்கி, ஒரே வீச்சாக இருந்தது. இவருடைய இலை தடித்து மினுங்கி, இரண்டு பக்கமும் தோள் புடைத்து நின்றது.

"தோள் இல்லாட்டி மருந்துங்கண்ணா. தோள் இருந்தா இது. அழகுக்காக வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த செடி. இங்க இதைத் தின்ன புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. விதை கூட வேண்டாம். ஒவ்வொரு கணுவுலயும் வேர் விடும் பாருங்க. ஒரு கணு கெடந்தாப் போதும்."

"அப்ப ரொட்டவேட்டர் ஓட்டுனது..."

"நீங்களே நாத்து நட்ட மாதிரிங்கண்ணா."

குமரகுருவுக்குக் காடு போனது பெரிதாகத் தெரியவில்லை. தோள் புடைத்த அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்நூற்றைம்பது கறுப்புக் கவர் கண் முன்னால் வந்தது. அலுவலக வாசலுக்கு வந்ததும் மோகனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்குத்தான் முதல் போன். "அம்மிணி, அந்தச் செடிய யாராச்சும் தின்னீங்களா?"

"இல்லீங்கப்பா. மருந்துன்னா இங்க யாரு தொடறா? பூவு நல்லா இருக்குதுன்னு அத்தை வாசலெல்லாம் வெச்சிருக்காங்க."

திங்கவில்லை என்பதில் பாதி உயிர் வந்தது. வாசலெல்லாம் என்பதில் அதுவும் போயிற்று. திங்க மட்டும் வேண்டாம், மற்றதை நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

கார்த்திகை பிறந்ததும் அவர் கையில் எடுத்த நோட்டு, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீடுகளின் பட்டியல். தெய்வநாயகியின் கையெழுத்து. ஊர்வாரியாக முந்நூற்றுச் சொச்சம் பெயர். மொபெட்டில் ஒரு கைக்கொத்து, நாலு காலி உரச்சாக்கு, கை கழுவ ஒரு கேன் தண்ணீர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராசிபுரம், ஆட்டையாம்பட்டி, குமாரபாளையம் என்று பட்டியல் போகும் பக்கம் எல்லாம் வண்டி போகும். வழியில் எந்த மதில்சுவரைக் கண்டாலும் கழுத்து தானாக நீளும். மஞ்சள் நிறத்தில் பூத்த எதையும் அவர் வண்டியை நிறுத்தி இலைக்குத் தோள் இருக்கிறதா என்று பார்க்காமல் கடந்ததில்லை. ஒரு முறை சாமந்தித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். திருடன் என்று ஆள் கூடிவிட்டது.

முதல் பத்து வீட்டிலேயே ஒரு வேலி குறுக்கே நின்றது. பட்டியலில் எட்டாவது பெயர் அவருடைய அத்தை முறையான பொன்னாயி. விஷயத்தைச் சொல்லி, செடியைப் பிடுங்கிக்கொள்கிறேன் என்று கொத்தை எடுத்தார். கிழவி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"தாம்பூலத்துல வெச்சுக் குடுத்ததத் திருப்பிக் கேக்கற மனுசன இன்னைக்குத்தான் பாக்கறேன்! அடுத்து கல்யாணத்தையும் திருப்பிக் கேப்பியாட்ட இருக்குது. போ சாமி, போ!"

வெற்றிலை பாக்கோடு கொடுத்தது கொடுத்ததுதான். அதைத் திரும்ப வாங்கினால் அந்தக் காரியமே முறிந்ததாக ஆகும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு பயம். பொன்னாயி மட்டும் அல்ல, பாதிப் பேர் இப்படித்தான் கையை விரித்தார்கள். செடி ஆகாத செடி என்பதை எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். பிடுங்கு என்றால் மட்டும் வாசலை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு நாள் யோசித்துக் குமரகுரு ஒரு வழி கண்டுபிடித்தார். தன் தோட்டத்துச் செம்பருத்தியிலும் நந்தியாவட்டையிலும் குச்சி போட்டு, கறுப்புக் கவரில் வளர்த்து, மொபெட்டின் முன்னால் அடுக்கிக்கொண்டார். கூடவே வெற்றிலை பாக்கு. வீட்டுக்காரர்களைக் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, புதுச் செடியைத் தாம்பூலத்தோடு கையில் கொடுத்துவிட்டு, "இப்ப அது கழிஞ்சுதுங்களா?" என்பார். கழிந்தது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் கொத்து இறங்கும். பொன்னாயிக்கு ராய்ச்சூர்ச் செம்பருத்தி போயிற்று. கூட ஒரு நந்தியாவட்டையும் கொடுத்தால்தான் ஆச்சு என்று கிழவி வாங்கிக்கொண்டாள்.

அவர் பிடுங்குவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கொடியைப் பிடித்து இழுக்க மாட்டார். இழுத்தால் அறும், அறுந்தால் கணு மண்ணில் நிற்கும். நுனியில் தொடங்கி, கணுக்கணுவாக மண்ணைக் கிளறி, வேரோடு நெகிழ்த்திச் சுருட்டிக்கொண்டே அடிக்கு வருவார். பிடுங்கியதைக் குப்பையில் போட விடமாட்டார், மாட்டுக்குப் போட விடமாட்டார், வாய்க்கால் பக்கம் வைக்கவே விடமாட்டார். சாக்கில் அடைத்து வாயைக் கட்டித் தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் போடுவார். நொறுங்கும் வரை காய்ந்த பிறகு கொளுத்துவார். பதினைந்தாம் நாள் அதே வீட்டுக்கு மறுபடியும் போவார், இருபத்தைந்தாம் நாள் இன்னொரு தடவை. ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது செருப்பைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய மண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டி, டயரின் இடுக்குகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்காரர், செடியை மாடியில் பெயிண்டு வாளியில் வைத்திருந்தார். கொடி தரை மண்ணைத் தொடவே இல்லை. குமரகுரு அந்த வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அவருடைய மூன்று ஏக்கரும் இப்போது பழைய லாரித் தார்ப்பாய்களுக்கு அடியில் கிடக்கிறது. வெயில் படாமல் மூச்சு முட்டிச் சாகட்டும் என்று சரிதா சொல்லிக் கொடுத்த வழி. நாமக்கல்லில் லாரிப் பட்டறை பட்டறையாக அலைந்து கிழிசல் தார்ப்பாய் வாங்கி, ஒன்றோடு ஒன்று தைத்து, கல் வைத்துப் போர்த்தியிருக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் அங்கே லாரி ஷெட் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நோட்டில் இருநூறு பெயருக்கு மேல் அடித்தாயிற்று. ஆனால் முதல் பக்கத்தில் முதல் பெயர் அப்படியே இருந்தது. சம்பந்தி வீடு. மோகனூர் சின்னண்ணன், கந்தம்மாள்.

நாலு மாதத்தில் ஐந்து தடவை அங்கே போய் வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் போவார். மொபெட்டில் போகும்போது வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவார், அது எதிரே வருகிறவர்களுக்கும் கேட்கும். வாசலில் கந்தம்மாளைக் கண்டதும் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிடும். ஏனென்றால் கந்தம்மாள் முதல் வேலையாக அவரை அந்தக் கொடியிடம்தான் அழைத்துப்போவாள்.

"பாருங்ண்ணா, மருமவ வந்த நேரம்! ஒரு கவருல வந்தது, எங்க வரைக்கும் படர்ந்திருக்குதுன்னு பாருங்க. வாழை போன வருசம் காத்துல சாஞ்சப்பக்கூட இது சாயல. இப்ப மாசமாவும் ஆயிட்டா. எல்லாம் இந்தச் செடி வந்த ராசிதானுங்க."

காலையில் எழுந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் அவள் அந்தக் கொடிக்குத்தான் தண்ணீர் விடுவாள். வாசலின் இரண்டு பக்கம், தொட்டியைச் சுற்றி, மாட்டுக்கொட்டகைப் பின்புறம், அங்கிருந்து வாய்க்கால் கரை. அந்த வாய்க்கால் கரும்புக் காட்டுக்குள் போய், இன்னும் நாலு பேர் காட்டைத் தாண்டி, காவிரியில் விழுகிறது. கொடியின் நுனி தண்ணீரைத் தொட ஒரு முழம் இருந்தது, பிறகு ஒரு சாண். குமரகுரு ஒவ்வொரு தடவையும் அதை மட்டும் பார்த்துவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு, உட்காரக்கூட மாட்டாமல் திரும்பி வந்தார்.

"சொல்லிப் போடுங்க. வெசனத்த மனசுல போட்டுட்டு எத்தன நாளைக்கு இப்படி எளைப்பீங்க?" என்றாள் தெய்வநாயகி.

"எந்த வாயால சொல்றது? அந்தம்மா அந்தச் செடியத்தான் நம்ம புள்ளையின்னு நெனச்சுத் தண்ணி ஊத்துது. புள்ள மாசமா இருக்கறப்ப அவ பேருல வளர்ற செடியப் புடுங்குங்கன்னு சொல்லி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அந்த ஊட்டுல பொழைக்க வேண்டியவ அவளா நாமளா?"



பங்குனியில் தனப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்துப் பெண்ணை அழைத்து வருகிற முறை. நாள் குறித்துச் சொல்வதற்காகக் கணவனும் மனைவியும் மோகனூர் போனார்கள். வாசலில் நல்ல வரவேற்பு. பலகாரம் வந்தது. நாளும் எல்லோருக்கும் பிடித்த நாளாக அமைந்தது. குமரகுரு அன்றைக்கு அதிசயமாக நாற்காலியில் உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தார்.

"நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க மச்சான்" என்றார் சின்னண்ணன். "கரும்பு வெட்டி முடிச்சாச்சு. நாளைக்குக் காலையில ரொட்டவேட்டர் வருது. கட்டைய அடிச்சு உட்டுட்டு வாழை வெக்கலாம்னு. அப்படியே வாய்க்காக் கரையையும் ரெண்டு ஓட்டு ஓட்டி அகலம் பண்ணிரலாம்னு இருக்கறேன். கொடி கெடக்குதுதான், அது திரும்ப வந்துரும்."

காபி குமரகுருவின் மூக்கில் ஏறிவிட்டது.  நாளைக் காலை என்றால் இன்னும் ஒரு ராத்திரிதான். அந்தக் கத்திகள் கரையில் இறங்கினால் கரும்புக் காடு போகும், துண்டுகள் வாய்க்காலில் விழுந்தால் கீழே இருக்கிற நாலு பேர் காடும் போகும். யார் கொடுத்த செடி என்று மோகனூர் முழுக்கக் கேட்கும். அந்த வீட்டுப் படியில் அப்புறம் தன் மகள் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பாள்?

"அம்மிணி, சித்த இப்படி வா" என்று மகளை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். கையை வாயோரம் குவித்து, தன் சக்திக்கு உட்பட்ட ரகசியக் குரலில் ஆரம்பித்தார்.

"உங்க மாமங்கிட்ட எப்படியாச்சும் சொல்லி அந்த ரொட்டவேட்டர நிறுத்து சாமி. அந்தச் செடி ஆகாத செடி. மருந்தே இல்ல, நாந்தான் ஏமாந்து போயிட்டேன். நறுக்குனா நறுக்குன எடமெல்லாம் மொளைக்கும். நம்ம காடு போன மாதிரி இவிங்க காடும் போயிரும். ஆனா உங்க மாமியா காதுல மட்டும் உழுந்துறக் கூடாது. உழுந்துச்சு, அப்பறம் உன்ற பொழப்பு..."

"அப்பா, மெதுவாப் பேசுங்க" என்றாள் தனப்பிரியா. முகம் வெளுத்திருந்தது.

"மெதுவாத்தான பேசறேன்!"

அவள் பார்வை அவருக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தார். கொட்டகை மூலையில் கந்தம்மாள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சின்னண்ணன், மாப்பிள்ளை மோகன்குமார். தெய்வநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கொட்டகையில் மாடுகூடத் தலையைத் தூக்கி அவரைத்தான் பார்த்தது.

கந்தம்மாள் நிதானமாகக் கேட்டாள். "எத்தன நாளாத் தெரியுமுங்க?"

"கார்த்திகையில இருந்துங்க."

"நாலு மாசம்." அவள் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி நிறுத்தினாள். "வாரப்பெல்லாம் உக்காராம, ஒரு வாய் காபி ஒழுங்காக் குடிக்காம, வாசலையும் வாய்க்காலையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுப் போனீங்களே. அது இதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

"நாங்க என்ன நெனச்சுட்டுக் கெடந்தோம் தெரியுமுங்களா? புள்ளையக் குடுத்த எடம் மனசுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது, என்ன கொறை கண்டாரோ, ஊட்டுல என்ன அழுக்குக் கெடக்குதோன்னு, நீங்க போன பொறவு நான் வாசலத் திரும்பக் கூட்டுவனுங்க. எங்க ஊட்டுக்காரரு சோறு திங்காம எந்திரிச்சுப் போவாரு. மருமவகிட்டக் கேக்கவும் வாய் வரல."

சின்னண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற சாக்கில் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். குமரகுருவுக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்தது. இந்தப் பக்கம் இவர் பயந்து செத்த நாளெல்லாம், அந்தப் பக்கம் அவர்களும் பயந்து செத்திருக்கிறார்கள்.

"வாழைக்கு ஆகாதுங்களா?" என்றாள் கந்தம்மாள்.

"ஆகாதுங்க. வாழைக்கும் ஆகாது, வாய்க்காலுக்கும் ஆகாது. உட்டா ஆத்துல போயிச் சேரும்."

அவள் வாய்க்கால் கரைக்குப் போனாள். குனிந்து ஒரு கொடியைத் தூக்கினாள். கணுவுக்குக் கணு வெள்ளை வேர் மண்ணோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள். கண் கலங்கித்தான் இருந்தது. சின்னண்ணன் போனை எடுத்து, ரொட்டவேட்டர்காரரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்றார். கந்தம்மாள் கொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்.  வாசலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொன்னாயி சொன்னது குமரகுருவின் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. அடுத்து கல்யாணத்தையும் திருப்பிக் கேப்பியாட்ட இருக்குது. மகளின் துணிப் பையோடு கந்தம்மாள் வெளியே வருவதாகவே அவர் நினைத்துவிட்டார்.  தனப்பிரியா வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கந்தம்மாள் வெளியே வந்தபோது கையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு. அதன் மேல் சுருட்டி வைத்த அந்தக் கொடி. நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

"தாம்பூலத்துல வந்தது. தாம்பூலத்துலயே வாங்கிக்குங்க."

குமரகுருவின் கை எழவில்லை. தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"வாங்குங்ண்ணா" என்றாள் கந்தம்மாள். "செடியத்தான் திருப்பித் தாரோம். புள்ளைய இல்லீங்க. அவளுக்குப் பொறக்கறது இந்தக் காட்டுலதான் பண்ணையம் பாக்கோணும்."

தெய்வநாயகி விசும்பிவிட்டாள். குமரகுரு தோள் துண்டை விரித்து இரண்டு கையிலும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டார்.  அவர் ஏதாவது பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, அவர் பார்வை துண்டை விட்டு மெல்ல இறங்கி, கந்தம்மாள் வந்த வழியே தரையில் போய், நிலைப்படியோரம் நின்றது. அங்கே, கொடியிலிருந்து உதிர்ந்த ஒரு கணு, இரண்டு இலையோடு. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் குனிந்து அதை எடுத்தார். சட்டைப் பையில் போட்டு, பித்தானை மாட்டினார்.